அரணைக்கு முளைத்த வால்

அந்தக் கோடையில் காடெல்லாம் காய்ந்து கிடந்தது. குளத்தங்கரை நிழலில் மட்டும் கொஞ்சம் ஈரமண் மிச்சம். அரணைக்கோ வயிறு நிறைய முட்டை! இன்றைக்குள் ஈரமண் கிடைக்காவிட்டால் அத்தனையும் வீணாகிவிடும்.

அந்த நிழலைப் போரில் காயம்பட்டவர்களுக்கென்று சிங்கராஜா ஒதுக்கியிருந்தார். சும்மா கொடுத்துவிடவில்லை. ஓநாய்களோடு நடந்த போர் முடிந்ததும் வீரர்களை எல்லாரும் மறந்துபோனார்கள். ஒற்றைக்கண் பன்றியும் நொண்டி முயலும் 'பழைய வீரர் சங்கம்' ஆரம்பித்து, குகை வாசலில் தொண்டை வற்றக் கத்தி வாங்கிய இடம் அது!

"சங்கம் இருக்கு, தைரியமா வா அக்கா!" என்று முயல் அரணையை அழைத்துப் போனது.

காவல் நின்ற மந்திரி நரி அரணையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "உனக்கு என்ன காயம்?"

"ஓநாய் என் வாலை அறுத்துடுச்சுங்க!"

"இதோ ஆடுதே, இது யார் வீட்டு வால்?"

"அது மறுபடி முளைச்சதுங்க!"

"முளைச்சிட்டா காயம் ஏது? போ, போ!"

அரணை பதறிப்போனது. சட்டென்று ஓடி, இரண்டு கற்களின் இடுக்கில் வாலை நுழைத்தது. "காயம்தானே வேணும்? இதோ, இப்பவே அறுத்துக் காட்டுறேன்!"

"நிறுத்து!" நிழலிலிருந்து பாய்ந்து வந்தது பன்றி. "ஒரு தடவை நீ குடுத்ததே போதும்! டேய் முயலே, எல்லாரையும் எழுப்பு! இவளுக்கு இல்லாத நிழல் நமக்கு எதுக்கு?"

"கால் வலிக்குமே அண்ணே..." என்று முனகிய முயல்தான் முதலில் வெயிலுக்குத் தாவியது! கொம்பொடிந்த எருமை வந்தது. சிறகொடிந்த கொக்கு வந்தது. போருக்குப் புறப்பட்ட அன்று நின்ற மாதிரியே வரிசையாக நின்றன. நிழல் காலி!

"ஐயோ, ராஜா வர்ற நேரமாச்சு! கிடைச்சதை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்களேன்!" என்று நரி கெஞ்சியது. யாரும் அசையவில்லை.

தண்ணீர் குடிக்க வந்த சிங்கராஜா திகைத்துப்போனார். "என்ன கூத்து இது?"

பன்றி முன்னே வந்தது. "ராஜா, அன்னைக்கு ஓநாய்த் தலைவன் இவளோட துடிக்கிற வாலைக் கவ்விக்கிட்டு நின்ன நேரத்துலதான் நாங்க தப்பிச்சோம். வால் முளைச்சிடுச்சு. அதுக்காக இவ போருக்கே போகலைன்னு ஆயிடுமா?"

சிங்கராஜா தலை குனிந்தார். பிறகு காடு அதிரக் கர்ஜித்தார். "ஆகாது! ஆறிய காயமும் காயம்தான்! இன்றுமுதல் இதுதான் சட்டம்!"

அடுத்த நொடி புதரிலிருந்து ஒரு மான் குதித்து வந்தது. "என்னையும் சேர்த்துக்குங்க! போர்ல உடைஞ்ச கொம்பு எனக்கும் முளைச்சிடுச்சு!"

அரணை அதைக் கேட்க நிற்கவில்லை. ஈரமண்ணில் பரபரவென்று குழி பறித்துக்கொண்டிருந்தது.

தனக்குக் கிடைத்துவிட்டது என்று ஒதுங்கிவிடாமல், கிடைக்காதவருக்காகவும் எழுந்து நிற்பதே உண்மையான தோழமை.