பக்கத்துப் பலகை

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆவுடையப்பன் காபிகூடக் குடிக்காமல் செஸ் வகுப்புக்கு வந்துவிட்டார். வகுப்பு என்றால் காரைக்குடியில் ஒரு டயர்க் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறை. அங்கே சொல்லிக்கொடுப்பவர் உமையாள். அவருக்கு முப்பது வயதுதான். ஆவுடையப்பனுக்கு நாற்பத்தாறு, மின்வாரியத்தில் வேலை, தலையில் பாதி நரை. இருந்தாலும் உமையாள் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார்.

"மேடம், ஒரு ஆட்டத்தைப் பாக்கணும். எந்த இடத்துல தப்பு நடந்துச்சுன்னு நீங்க சொல்லணும்."

"யார் ஆட்டம்?"

"சவரிமுத்து ஆட்டம்."

உமையாள் பலகையை எடுத்து நடுவில் வைத்தார்.

சவரிமுத்து காப்பீட்டு முகவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரை இந்த அறைக்குக் கூட்டிவந்ததே ஆவுடையப்பன்தான். அப்போது குதிரை எப்படித் தாவும் என்பதற்குமேல் அவருக்கு அதிகம் தெரியாது. போன வாரம் மாவட்டத் தேர்வுப் போட்டி நடந்தது. மாநிலப் போட்டிக்கு நான்கு பேர் போகலாம். நான்காவது இடம் இவர்கள் இருவரில் ஒருவருக்கு என்று வந்து நின்றது. அந்த இடத்துக்காக ஆவுடையப்பன் வருஷம் தவறாமல் லீவு போட்டு ஆடி வந்தவர். இடம் சவரிமுத்துவுக்குப் போயிற்று.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் அந்த மனிதர் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "நீங்க கூட்டிட்டுப் போனதாலதாண்ணே இதெல்லாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆவுடையப்பனுக்கு மட்டும் வயிறு எரிந்தது. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று மனைவியிடம் சொன்னார். கடாவைப் பிடித்துக் கட்டியது யார் என்று அந்த அம்மாள் கேட்டுவிட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

இப்போது ஆவுடையப்பன் ஆட்டத்தை முதலிலிருந்து வைத்துக் காட்டினார். கையில் ஒரு காகிதம்கூட இல்லை. மணிக்கணக்காக நடந்த ஆட்டம், அத்தனையும் மனப்பாடமாக வந்தது. சவரிமுத்துவோடு ஆடியவர் மானாமதுரைக்காரர். அவருக்கு ஒரு சிப்பாய் கூடுதல். எல்லாம் வெட்டுப்பட்டுக் கடைசியில் ஆளுக்கு ஒரு யானையும் சில சிப்பாய்களும் மிஞ்சின. அங்கே மானாமதுரைக்காரர் அவசரப்பட்டுச் சிப்பாயைத் தள்ளித் தோற்றார்.

"ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தியிருந்தா சவரிமுத்து காலி மேடம். கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லுது. குருட்டு அதிர்ஷ்டம். அவன் ஜெயிக்கல, இந்தாளு தோத்துக் குடுத்தான்."

அடுத்து, அதற்கு முன்பே வென்றிருக்க வேண்டிய இடங்களைக் காட்டினார். மானாமதுரைக்காரர் பக்கமே உட்கார்ந்து, அவருக்காக விதவிதமாக ஆடிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் சவரிமுத்து தோற்றார். ஒவ்வொரு தடவையும் ஆவுடையப்பன் முகம் மலர்ந்தது, உடனே வாடியது.

உமையாள் எல்லாவற்றையும் பார்த்து முடித்தார். பிறகு காய்களைக் கலைத்தார்.

"அதே ரவுண்டுல நீங்க ஆடுனதை வைங்க."

"அதுல ஒண்ணுமில்ல மேடம். டிரா."

"வைங்க."

ஆவுடையப்பன் கடைசி நிலையை அடுக்கினார். ராஜாக்கள், யானைகள், ஆளுக்குச் சில சிப்பாய்கள். ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டத்தில் வைத்தார், எடுத்தார், அடுத்த கட்டத்தில் வைத்தார். மறுபடியும் எடுத்தார். ஊரான் ஆட்டம் முழுக்கச் சொன்ன வாய்க்கு, தன் சிப்பாய் எங்கே நின்றது என்று தெரியவில்லை. கடைசியில் யோசித்து யோசித்துத்தான் கண்டுபிடித்தார்.

"ஒரு சிப்பாய் உங்களுக்குக் கூடுதல்" என்றார் உமையாள்.

"ஆமா."

"யார் ஆடணும்?"

"நான்தான்."

"என்ன ஆடுனீங்க?"

"டிரா கேட்டேன். குடுத்துட்டான்."

ஏன் என்று உமையாள் கேட்கவில்லை. ஆனாலும் ஆவுடையப்பன் சொல்லிக்கொண்டே போனார். இருவருக்கும் அதுவரை ஒரே புள்ளி. சமமாக முடிந்தால் முந்தைய ரவுண்டுகளின் கணக்கில் இடம் இவருக்குத்தான். இவர் ஜெயித்துவிட்டால் யார் என்ன செய்தாலும் இடம் உறுதி. டிரா செய்தால் சவரிமுத்து ஜெயிக்காமல் இருக்க வேண்டும். பக்கத்துப் பலகையில் சவரிமுத்து தோற்றுக்கொண்டிருந்தார், அது யாருக்கும் தெரியும். அதனால் டிராவே போதும் என்று பட்டது.

சொல்லி முடித்துவிட்டு ஓரத்துச் சிப்பாயை நிமிர்த்தி வைத்தார். "அவன் தோக்கறதைப் பக்கத்துல நின்னு பாக்கணும்னு இருந்துச்சு மேடம், எழுந்துட்டேன்" என்றார்.

உமையாள் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். ஆட்டக் கடிகாரத்தைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்து, பொத்தானை அழுத்தினார்.

"நான் டிரா தர மாட்டேன். ஆடுங்க."

ஆவுடையப்பன் ஆடினார். முதலில் வேண்டா வெறுப்பாக. பிறகு குனிந்து உட்கார்ந்தார். உமையாள் லேசில் விடவில்லை, யானையைப் பின்னால் கொண்டுவந்து குடைந்தார். கீழே டயர்க் கடையில் காற்றடிக்கிற சத்தம் வந்துகொண்டே இருந்தது, ஆவுடையப்பன் காதில் விழவில்லை. ராஜாவை ஒவ்வொரு கட்டமாக நடத்திக்கொண்டு போனார். வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்தபோது அந்த ஓரத்துச் சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய் ராணியானது. உமையாள் கை நீட்டினார்.

ஆவுடையப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ராணியைக் கையில் எடுத்துப் பார்த்தார். உமையாளிடம் ஜெயிப்பது சாதாரண விஷயமா? அந்த அறைக்கு வந்து இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரம்தான். படியிறங்கச் செருப்பை மாட்டியவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் பழையபடி அந்த எரிச்சல் வந்திருந்தது.

"எல்லாம் சரி மேடம். சவரிமுத்து ஆட்டத்துல தப்பு எந்த இடத்துலன்னு நீங்க சொல்லவே இல்லையே."

உமையாள் காய்களைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க நாற்காலியை விட்டு எழுந்திரிச்சீங்கல்ல சார், அங்க."