எட்டாவது நடை

பகடை உருளும் சத்தம் கேட்டதும் கல்வி அதிகாரி ஆவுடையப்பன் ஆறாம் வகுப்புக்குள் பாய்ந்தாரே பார்க்கணும்!

"பள்ளிக்கூடத்துல சூதாட்டமா? இன்னிக்கே உன் வேலை போச்சு!" என்று தற்காலிக டீச்சர் மெர்சியை அதட்டிப் பேனாவை எடுத்தார்.

"இது கதை விளையாட்டுங்க ஐயா. அடுத்து என்ன நடக்கும்னு பகடை சொல்லும். இதுலதான் கணக்கு நடத்துறேன். ராஜா வேஷம் காலியா இருக்கு, ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துட்டு எழுதுங்க."

ராஜா என்றதும் உட்கார்ந்துவிட்டார். கதையில் வெள்ளம்; ஊரில் அறுபது பேர் சிக்கியிருந்தார்கள். "அறுபது பேரையும் படகுல ஏத்து!" என்று கட்டளையிட்டார்.

"மகாராஜா, படகு எட்டுப் பேரைத்தான் தாங்கும். எத்தனை நடை?" என்றாள் மந்திரியாக இருந்த சிறுமி.

"ஏழு!"

"அப்போ நாலு பேர் தண்ணியில நிக்கிறாங்களே!"

அதிகாரி உள்ளங்கையிலேயே வகுத்துப் பார்த்தார். மணி அடித்தது. பிள்ளைகள் எழுந்தார்கள்.

"உட்காருங்க! நாலு பேரை விட்டுட்டு எங்க போறீங்க?"

"ஐயா, என்னை நீக்குற உத்தரவு?" என்றாள் மெர்சி.

"சும்மா இரும்மா! எட்டாவது நடைக்கு வெள்ளம் வழிவிடுமான்னு பகடையை உருட்டணும்!"