ஜவ்வாது பூசிய தகரப் போர்ட்டர்

அன்று செங்கழனிச் சமஸ்தானத்துக் கொலுமண்டபத்தில் இருந்தவர்கள்: மகாராஜா குமாரவிசயர் ஒருவர். பொக்கிஷ அதிகாரி வேங்கடபதி ஒருவர். பட்டணத்து வியாபாரி லோகிதாசர் ஒருவர். பொம்மை அறைக் காவலர் சடையாண்டி ஒருவர். அவரை அந்த வேலையில் சேர்த்துவிட்ட அவருடைய அக்காள் கணவர், சபையில் சாதுர்யம் பேசும் மலைக்கொழுந்து ஒருவர். விசிறி வீசுகிறவர்கள் இரண்டு பேர். ஆக ஏழு பேர். வாசலில் கழுதைகள் இரண்டு. எறும்புகளை யாரும் எண்ணவில்லை.

மகாராஜாவுக்கு இரண்டே ஆசை. ஒன்று லட்டு. அதில் எப்போதும் எறும்புத் தொல்லை. மற்றொன்று, தகப்பனார் ஜெர்மனியிலிருந்து கப்பலில் தருவித்த பொம்மை ரயில். தண்டவாளத்தின் ஓரம் நிறுத்தத் தகரத்தில் கைகாட்டி நான்கு, விளக்குக் கம்பம் நான்கு, மூட்டை தூக்கும் போர்ட்டர்கள் ஐந்து பேர் உண்டு. ஐந்தில் ஒருவன் போன வருஷம் காணாமல் போனான். அந்தத் துக்கத்தில் மகாராஜா ஒரு வேளை முழுக்க லட்டைத் தொடவில்லை.

இப்போது லோகிதாசர் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே அதே மாதிரி கைகாட்டி நான்கு, கம்பம் நான்கு, போர்ட்டர் நான்கு.

"மகாராஜா, இவைதாம் அசல். தங்களிடம் இருப்பவை பிற்பாடு செய்த நகல். யாரோ மாற்றி விற்றிருக்கிறார்கள். தங்கள் மாந்தோப்பைக் கொடுத்தால் அசலைத் தந்துவிடுகிறேன்."

"யாரோ என்ன யாரோ?" என்று எழுந்தார் வேங்கடபதி. "சாவி சடையாண்டியிடம். சடையாண்டியை உள்ளே விட்டவர் மலைக்கொழுந்து. மாமன் மச்சான் இரண்டு பேருமாகச் சேர்ந்து ரயிலடியையே விற்றுத் தின்றுவிட்டார்கள். ஊர் எல்லை வரை ஏற்றிப் போகக் கழுதைகளும் தயார், மகாராஜா!"

சடையாண்டி அழுதேவிட்டார். "அத்தான், பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டேனே! ஆயுத பூஜை தவறாமல் மகாராஜா தம் கையால் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துச் சர்க்கரைப் பொங்கல் ஊட்டுவார். நான் வாய் துடைத்துவிடுவேன்!"

"விளக்குக் கம்பத்துக்குமா ஊட்டினீர்கள்?" என்று சிரித்தார் லோகிதாசர்.

"அது மட்டும் பட்டினி கிடக்குமா?" என்றார் மகாராஜா ரோஷத்தோடு.

"கோபிக்க வேண்டாம். என் சாமான் எவ்வளவு பழசு என்று பார்த்தாலே தெரியும்."

"அப்படியா? பார்ப்போம்!"

மகாராஜாவுக்குக் குஷி வந்துவிட்டது. பொம்மை அறையிலிருந்து தம் பெட்டியையும் தருவித்து, இரண்டையும் கம்பளத்தில் கவிழ்த்தார். புளியங்கொட்டையைக் கலைப்பது போலக் கலைத்தார். "இப்போது சொல்லும்!"

லோகிதாசர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். எல்லாவற்றிலும் சாயம் வெளுத்திருந்தது. எல்லாவற்றின் ஓரத்திலும் துரு. எது தம்முடையது என்று அவருக்கே தெரியவில்லை.

"மலைக்கொழுந்து, நீர் பிரித்துக் காட்டும். இல்லாவிட்டால் கழுதைதான்."

"மனிதக் கை படக் கூடாது, மகாராஜா!" என்று குறுக்கிட்டார் வேங்கடபதி. "கை பட்டால் மாற்றிவிடுவார்."

"சரி, மனிதக் கை படக் கூடாது. நான் இந்தத் தட்டை முடிப்பதற்குள் சொல்ல வேண்டும்."

தட்டில் லட்டு ஆறு இருந்தது.

"மகாராஜா கொஞ்சம் மெதுவாகச் சாப்பிட்டால்..."

"அது லட்டைப் பொறுத்தது, ஓய்."

மலைக்கொழுந்து மண்டியிட்டு, கம்பளத்தைச் சுற்றித் தவழ்ந்து முகர்ந்தார். ஒரு போர்ட்டர் மேல் ஜவ்வாது மணந்தது. மூட்டை தூக்குகிறவனுக்கு ஜவ்வாது எதற்கு? கல்யாணத்துக்கா போகிறான்? இன்னும் கிட்டே போய் முகர்ந்தார். ஜவ்வாதுக்கு அடியில் மண்ணெண்ணெய் நாற்றம்.

இரண்டு லட்டு போயிருந்தது.

"மகாராஜா, கம்பளத்தைத் தொடலாமா?"

"கம்பளத்தைத் தாராளமாகத் தொடும்."

அவர் கம்பளத்தை மெல்லக் கிழக்குத் தூணோரம் இழுத்தார். பிறகு சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்ன ஓய், தூங்கப் போகிறீரா?"

"ஆட்கள் வர வேண்டும், மகாராஜா."

நான்காவது லட்டு போயிற்று. ஐந்தாவதும் போயிற்று. "கழுதைகளைப் படியோரம் கொண்டுவா!" என்று வேங்கடபதி வாசலைப் பார்த்துக் கத்தினார். சடையாண்டி கண்ணை மூடிக்கொண்டார். ஆறாவது லட்டில் பாதி போனபோது, "வந்துவிட்டார்கள்!" என்றார் மலைக்கொழுந்து.

தூண் வெடிப்பிலிருந்து எறும்புகள் சாரையாக இறங்கின. ஒரு கம்பத்தை நெருங்கி மீசையை ஆட்டிப் பார்த்துத் திரும்பின. அடுத்த கம்பத்துக்குள் கூட்டமாகப் புகுந்தன. மகாராஜாவும் மீதிப் பாதி லட்டோடு தரையில் தவழ்ந்தார். விசிறிக்காரர்கள் விசிறியை மறந்தார்கள்.

"தாங்கள் ஊட்டிய பொங்கல் வெல்லம், மகாராஜா. சடையாண்டி வாயைத் துடைத்தார், வயிற்றைத் துடைக்கவில்லை. தகர மடிப்பில் வருஷா வருஷம் சேர்ந்து கிடக்கிறது. நகலுக்கு ஏது பொங்கல்? பழசாகத் தெரிய மண்ணெண்ணெய்க் குளியல், நாற்றம் போக ஜவ்வாது. எறும்பு அண்டுமா? மொய்த்ததெல்லாம் அசல்!"

மகாராஜா விரல் விட்டு எண்ணினார். "கைகாட்டி நான்கு. கம்பம் நான்கு. போர்ட்டர்..." அவர் குரல் கீச்சிட்டது. "ஐந்து! காணாமல் போன பயல் வந்துவிட்டான்!"

வேங்கடபதிக்கு முகம் சிவந்தது. லோகிதாசர் பக்கம் பாய்ந்தார். "அட பாவி! மாதிரிக்குக் கொடுத்தவனை ஆற்றில் எறியச் சொன்னேனே! பெட்டியிலா போட்டாய்?"

"செய்ததில் ஒன்று குறைந்தது, ஐயா. கணக்குக்குச் சேர்த்தேன்..."

மகாராஜா வெடித்துச் சிரித்தார். பாதி லட்டு பறந்துபோய் விழுந்தது. கழுதைகள் வீணாகவில்லை. ஆளுக்கு ஒன்று.

மாந்தோப்பு மலைக்கொழுந்துக்குப் பரிசாயிற்று. சாட்சி சொன்ன எறும்புகளுக்குத் தூணடியில் ஓர் அச்சு வெல்லம்.

"இந்த நகல் பதினொன்றையும் உடைத்துப் போடவா?" என்று கேட்டார் மகாராஜா.

"உடைக்க வேண்டாம். லட்டுத் தட்டைச் சுற்றிக் காவலுக்கு நிறுத்துங்கள். எறும்பு கிட்டே வராது."

அன்று சாயங்காலமே மகாராஜாவின் கட்டிலோரம் நாற்பது லட்டு வைத்து, பதினொரு காவலையும் சுற்றி நிறுத்தினார்கள். மறுநாள் காலை சடையாண்டி போய்ப் பார்த்தார். ஓர் எறும்புகூட வரவில்லை.

தட்டில் மீதி இருந்தது மூன்று லட்டு.