இராயப்பர் பார்த்த பக்கம்

பெரிய வெள்ளி நெருங்கிக்கொண்டிருந்தது. கோவில் பள்ளிக்கூடத்து ஹாலில், ஆண்டவர் பாடுபட்டு இறந்த கதையை நடிக்கிற பாஸ்கா நாடகத்துக்கு ஒத்திகை. பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித்தருகிற பிலோமி டீச்சர்தான் நாடகத்தையும் நடத்துகிறவர். நடிகர்கள் அத்தனை பேருக்கும் இளையவர். ஆனால் அவர் ஒரு பார்வை பார்த்தால் போதும், சீடர் வேஷம் கட்டுகிற மீசை நரைத்த அப்போஸ்தலர்கள்கூட நெளிவார்கள்.

அன்றைக்கு இஞ்ஞாசி எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டான். அவனுக்கு இராயப்பர் வேஷம்; ஆண்டவரின் தலைமைச் சீடர், அவர் பிடிபட்ட இரவில் அவரைத் தெரியவே தெரியாது என்று சொன்னவர். வந்ததும் வராததுமாக, "டீச்சர், ஒரு கேள்வி," என்றான்.

"கேளுங்கண்ணே."

"செஞ்ச பாவத்த ஒத்துக்கிடாதவனுக்கு மீட்பு உண்டா?"

டீச்சர் பெஞ்சுகளை இழுத்துச் சேர்த்து மேசையாக்கிக்கொண்டிருந்தார். "யாரு ஒத்துக்கிடல?"

"உங்களுக்குத் தெரியாதாக்கும். எல்லாம் எந்தம்பிதான்."

தெரியாமல் என்ன? ஊருக்கே தெரியும். போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தபோது வீட்டில் இருந்தவன் தம்பி லாசர். வாயுப் பிடிப்பு என்று நினைத்து சோடா வாங்கிக் கொடுத்தான். வலி நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் வைத்தே, "நீதாம்ல கொன்ன," என்று சொல்லிவிட்டான் இஞ்ஞாசி. அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. நாளைக் காலையில் அப்பாவுக்கு ஆண்டுப் பூசை. மகன்கள் இரண்டு பேரும் சேர்ந்து வந்து கூப்பிட்டால்தான் எழுந்து வருவேன் என்று அம்மா சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

"அவன் ஒரு வார்த்த சொல்லட்டும், ஆமா எந்தப்புதான்னு. நானே கையப் புடிச்சு அம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன். வாயத் தொறக்க மாட்டேங்கான் டீச்சர். இப்படிப்பட்டவன ஆண்டவர் ஏத்துக்கிடுவாரா?"

"மொதல்ல போய் உங்க எடத்துல உட்காருங்க."

இஞ்ஞாசிக்குச் சுள்ளென்று வந்தது. கேட்டதற்குப் பதில் இல்லை. போய் உட்கார் என்றால், நான் என்ன ஒன்றாம் வகுப்புப் பிள்ளையா? முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்தான்.

ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஆட்டோ ஓட்டுகிற ரோச்தான் ஆண்டவர். லாசருக்கு, ஆண்டவரைக் காட்டிக்கொடுக்கிற யூதாஸ் வேஷம். மற்ற எல்லாரும் வேண்டாம் என்று தள்ளிய வேஷம். அவனே கேட்டு வாங்கியது. மேசையின் அந்தக் கோடியில் போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டான்.

கடைசி விருந்துக் காட்சி. என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறவன் இந்த மேசையிலேயே இருக்கிறான் என்று ஆண்டவர் சொல்ல வேண்டும். சீடர்கள் பதறிப்போய், ஒருவர் பின் ஒருவராக அவரிடம் கேட்க வேண்டும்.

ரோச் சொன்னான். இஞ்ஞாசி கணீரென்று எடுத்தான்: "ஆண்டவரே, அந்த ஆள் நானா?"

"திரும்பவும்," என்றார் டீச்சர்.

"ஆண்டவரே, அந்த ஆள் நானா?"

"திரும்பவும்."

"ஏன், சத்தம் பத்தலையா?"

"சத்தம் கடற்கர வரைக்கும் கேக்குது. ஆண்டவரக் கேளுங்கன்னா லாசரப் பாத்துக் கேக்கீங்களே!"

மற்றவர்கள் சிரித்தார்கள்.

"என்ன சிரிப்பு? நீங்களும் அதத்தான் செய்யுதீங்க. நானாங்குது வாயி, அவன்தாங்குது கண்ணு."

மறுபடியும் சொன்னான். மறுபடியும் கழுத்து தானாகத் திரும்பியது.

"ஏ மச்சான், இந்தப் பக்கம் பாருல," என்றான் ரோச். "சிலுவைக்கு முன்னாலயே என் உயிர எடுத்துருவ போலருக்கு. ஸ்டாண்டுல சவாரி போகுது."

டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "லாசரண்ணே, நீங்க போய் எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வாங்க."

லாசர் எழுந்து போனான். மேசைக் கோடி காலியானது.

"ம், இப்ப சொல்லுங்க."

"ஆண்டவரே, அந்த ஆள் நானா?" என்றான் இஞ்ஞாசி, காலி இடத்தைப் பார்த்து.

சிரிப்பில் ஹாலே அதிர்ந்தது. ஒரு அப்போஸ்தலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இஞ்ஞாசி துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்துவிட்டான். "வேற ஆளப் பாருங்க டீச்சர். எனக்கு வரல. வராததுக்கு என்ன செய்ய?"

"எனக்கும் கத்திக் கத்தித் தொண்ட வறண்டுபோச்சு. போகணும்னா போங்க. போறதுக்கு முன்னால ஒரே ஒருக்கா, ரோச் மூஞ்சியப் பாத்துக் கேட்டுட்டுப் போங்க. ரோச், நீ பதில் பேசாத. கேலியும் பண்ணாத. சும்மா பாரு."

இதோடு தொலைந்தால் சரி என்று இஞ்ஞாசி நிமிர்ந்து பார்த்தான். ரோச்சும் பார்த்தான். வேஷத்துக்காக விட்ட தாடி. ராத்தூக்கம் இல்லாத கண். எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்கிற வாய் சும்மா இருந்தது.

"ஆண்டவரே..."

ரோச் கண்ணை எடுக்கவில்லை.

"ஆண்டவரே, அந்த ஆள்..."

மிச்சம் வரவில்லை. இஞ்ஞாசி பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நாடகத்தில் இல்லாததைச் சொன்னான்.

"அப்பா அன்னைக்கு மொதல்ல எனக்குத்தான் போன் அடிச்சாரு. முந்துன நாள் அவரோட சண்ட. போன் அடிக்கிறதப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எடுக்கல."

வாசலில் டீ தூக்கோடு லாசர் நின்றான். எப்போது வந்தான் என்று தெரியாது. கேட்டுவிட்டான் என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது.

இஞ்ஞாசி டீச்சர் பக்கம் திரும்பினான். கோபம் இன்னும் போகவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"இப்பவாவது பதில் சொல்லுங்க டீச்சர். அந்தப் பாவம் யாரு மேல? அவன் மேலயா, எம்மேலயா? அவனுக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு?"

"அதயெல்லாம் தீத்து வச்சுட்டா அண்ணே ஆண்டவரு யூதாசுக்கும் இராயப்பருக்கும் அப்பத்தப் பிட்டுக் குடுத்தாரு?" என்றார் டீச்சர் அலுப்போடு. "அடுத்தது அதுதான். கொஞ்சம் தள்ளி உட்காருங்க. உங்க தம்பி உட்காரணும்."