முப்பத்திரண்டு டிகிரி

"முப்பத்திரண்டு டிகிரி, மேடம். நான் இருபத்திரண்டுன்னு எழுதியிருக்கேன்."

சுடலைமுத்து பழைய நோட்டை மேசையில் வைத்தான். வைத்தான் என்ன, எறிந்தான். பேராசிரியர் ஃபிலோமினா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்தக் கட்டுரையில?"

"அதுலதான்."

அது என்றால் அது ஒன்றுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே ஆய்வகத்தில் இவரிடம் மாணவனாக இருந்தபோது எழுதியது. எலி மூளையில் இதுவரை யாரும் பார்க்காத வேகத்தில் துடிக்கிற புதுவகை நரம்பு செல் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்ன கட்டுரை. உலகம் முழுக்க ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருக்கின்றன. சுடலைமுத்துவுக்கு வேலை, பெயர், வெளிநாட்டுப் பயணம் எல்லாம் அந்த எண்ணிக்கை போட்ட பிச்சை. இன்னும் பத்து நாளில் பேராசிரியர் பதவிக்கு இன்டர்வியூ. அங்கே எடுத்து நீட்டவும் அவனிடம் வேறு ஒன்றும் கிடையாது.

"எப்படி ஆச்சு?"

"அந்த மே மாசம் இங்க ஏசி செத்துப்போச்சு. நோட்டுல ஒழுங்கா முப்பத்திரண்டுன்னு குறிச்சிருக்கேன். கட்டுரை எழுதும்போது செய்முறைப் பத்தியை மட்டும் உங்க பழைய கட்டுரையிலருந்து அப்படியே தூக்கிப் போட்டேன். எல்லாரும் செய்றதுதானே. உங்களதுல இருபத்திரண்டு."

"அதுல என் பேரும் இருக்கு. நானும் பார்க்கலை." அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "இப்ப யாரு கேட்டா?"

"புனேயிலருந்து ஒரு மாணவி, ஷர்வரின்னு. அந்த செல் கிடைக்கவே மாட்டேங்குதாம். அன்னைக்கு நிஜமா எத்தனை டிகிரின்னு மெயில் போட்டிருக்கா."

"சொல்லிட்டியா?"

"இன்டர்வியூ முடியட்டும் மேடம். பத்தே பத்து நாள். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

இதற்காகத்தான் வந்திருந்தான்.

"சூடு ஏறினா எந்த செல்லும் வேகமாத் துடிக்கும். உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா இத்தனை பேர் ஏத்துக்கிட்டாங்களே? ஆயிரத்து எண்ணூறு பேரும் முட்டாளா?"

ஃபிலோமினா எழுந்தார். ரிமோட்டை எடுத்து ஏசியை அணைத்தார்.

"உட்காரு. கேளு."

மைக்ராஸ்கோப்புக்கு அடியில், எலி மூளையின் மெல்லிய சீவல் உப்புநீரில் கிடந்தது. முடியைவிட மெலிசான ஒரு கண்ணாடிக் குழாய் அதில் ஒரே ஒரு செல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த செல் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் ஸ்பீக்கரில் ஒரு சத்தம்.

டக். டக். டக். டக். எண்ணினான். வினாடிக்கு நாலு.

சித்திரை வெயில் ஜன்னலுக்கு வெளியே நின்றது. கால் மணி நேரத்தில் அறை புழுங்க ஆரம்பித்தது. சட்டை முதுகில் ஒட்டியது. ஆறு. ஏழு.

"போதும் மேடம்."

அவன் கையை நீட்டி ஸ்பீக்கரை அணைத்தான். அவர் மறுபடி போட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்து அது பதினொன்றைத் தொட்டது. அவன் கட்டுரையின் முதல் வரியில் இருக்கிற அதே பதினொன்று.

"இது சாதாரண செல்லுதானே?" என்று கேட்டான்.

"காலையில சாதாரணமாத்தான் இருந்துச்சு."

"அப்ப அத்தனை மேற்கோளுக்கும் மதிப்பே இல்லையா?"

"இந்த செல்லுகிட்டயே கேளு. அதுல எத்தனையை இது படிச்சிருக்குன்னு."

டக்டக்டக்டக்டக்.

"அந்தப் பொண்ணு மெயிலை வாசி," என்றார்.

சுடலைமுத்து போனை எடுத்து வாசித்தான். வணக்கம் சொல்லியிருந்தாள், கட்டுரையைப் புகழ்ந்திருந்தாள், டிகிரியைக் கேட்டிருந்தாள். நிறுத்தினான்.

"முழுசா."

"அவ்வளவுதான் மேடம்."

"சுடலைமுத்து."

அவன் திரையைத் தள்ளினான். கடைசி வரிகளை வேகவேகமாக வாசித்தான்.

"இரண்டு வருடமாக முயன்றுவிட்டேன். என் கைதான் சரியில்லை என்கிறார் என் கைடு. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். திங்கட்கிழமை என்னை ஆய்வகத்திலிருந்து நீக்கிவிடுவார்கள்."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"சனி."

ஃபிலோமினா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சரி. பத்து நாள் கழிச்சே பதில் போடு. நீ கேட்ட வார்த்தையைச் சொல்லிட்டேன். எழுந்திரு, வீட்டுக்குப் போ."

சுடலைமுத்து எழுந்திருக்கவில்லை.