சிறைக்குப் போன பட்டு அங்கி

நெடுங்கோட்டையை ஆண்ட கஜேந்திர பூபதிக்கு எதிரிகள் கிடையாது. கவலைகள்தான் காலையிலிருந்து வரிசையில் நின்று உள்ளே வந்துகொண்டிருந்தன. அவற்றை வாசித்துக் காட்டும் வேலை பூவராகனுடையது. ஊர் ஊராக வரும் ஓலைகளை அவர்தான் சபையில் உரக்கப் படிப்பார். எண்ணெய்க் குளியல் நாளான சனிக்கிழமை தவிர, ஓலை வந்த கையோடு படித்தாக வேண்டும் என்பது மன்னர் கட்டளை. சாப்பாட்டு இலையில் மன்னர் கை வைக்கும்போது ஓலை வந்தால், முதலில் ஓலை, பிறகுதான் ரசம்.

அரியணைக்குப் பக்கத்திலேயே நிற்பதால் மற்றவர்கள் கண்ணில் படாத ஒன்று பூவராகனுக்குத் தெரிந்திருந்தது. முதல் ஓலையில் மன்னர் பல்லைக் கடிப்பார். இரண்டாவதில் மூச்சைப் பிடித்துக்கொள்வார். மூன்றாவதில் தோள் இரண்டும் மேலே ஏறிக் காதை விசாரிக்கப் போய்விடும்.

இதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. அரச மேனியில் குறை இருப்பதாகச் சொல்வது அந்த ஊரில் குற்றம். மன்னருக்குச் சளி பிடித்தால்கூட, "இன்று காற்றுக்கு உடம்பு சரியில்லை" என்றுதான் அரண்மனை வைத்தியர் எழுதிவைப்பார்.

அந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக மன்னரின் பட்டு அங்கி முதுகில் பர்ரென்று கிழிந்தது. தையல்காரர் மஸ்தானை இழுத்து வந்தார்கள்.

"குறை மன்னர் மேனியில் இருக்க முடியாது. ஆகவே இவன் கத்தரியில்தான் இருக்கிறது" என்றார் அமைச்சர் சேதுபிள்ளை. "மூன்று அங்கி போய்விட்டது. கத்தரியை ஆற்றில் போட்டுவிட்டு இவனை எல்லை தாண்டி விடலாம்."

மன்னர் தலையசைத்தார். அதற்கும் கழுத்து வலித்தது. "நாளைக் காலையில் அனுப்பிவிடுங்கள்."

மஸ்தான் பூவராகனிடம் ஓடிவந்தார். "ஐயா, வீட்டுல அஞ்சு பொம்பளப் புள்ளைங்க. அளவு ஒரு நூல்கூடத் தப்பலீங்க. சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணெ தேச்சுக் குளிச்சிட்டு மகாராசா வருவாங்கள்ல, அப்பத்தானே நம்மள உள்ள விடுறாங்க. அன்னிக்குப் போட்டுப் பாத்தா கச்சிதமா நிக்குது. திங்கக்கிழமை சபைக்குப் போனா வெடிக்குது!"

பூவராகன் யோசித்தார். அங்கியைக் கிழித்ததில் தன் குரலுக்கும் பங்கு உண்டே! "கிழிசலைத் தைத்துக் காலையில் கொண்டுவாருங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

மறுநாள் சபையில் பூவராகன் முன்னே வந்தார். "மன்னா, குற்றவாளி தையல்காரர் அல்ல. அங்கிதான். தாங்கள் அதை அணிந்துகொண்டால் நிரூபிக்கிறேன்."

மன்னர் அணிந்தார். அங்கி பாந்தமாக உட்கார்ந்தது. பூவராகன் ஓலையைப் பிரித்தார்.

"மேலக்கரை மதகு கசிகிறது." அங்கி இறுகியது.

"பட்டத்து யானைக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு." இன்னும் இறுகியது.

"தங்கள் மைத்துனர் குடும்பத்தோடு புறப்பட்டுவிட்டார். மூன்று மாதம் தங்குவாராம்."

பர்ர்!

பூவராகன் முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. "பார்த்தீர்களா? சனிக்கிழமை இதன் காதில் ஓலை விழுவதில்லை, ஒழுங்காக இருக்கிறது. கெட்ட சேதி கேட்டால் சுருங்கிவிடுகிறது. பயந்த பிறவி."

அமைச்சர் வாயைத் திறந்தார். அங்கி சுருங்கவில்லை என்றால் மன்னர் மேனிதான் ஏதோ செய்திருக்க வேண்டும் என்று சொல்லவேண்டி வரும். மூடிக்கொண்டார்.

"சரி, அங்கியைச் சிறையில் தள்ளுங்கள்" என்றார் மன்னர்.

"அரச உடையைக் காவல் காக்க யாருக்குத் தகுதி இருக்கிறது?" என்றார் பூவராகன். " தாங்களே காக்க வேண்டும். தினமும் காலையில் அரை நாழிகை, தோட்டத்து நெல்லிமரத்தடியில். கைதி அங்கே கிளையில் தொங்கட்டும். சேதி காதில் விழக்கூடாது என்பதால் ஓலைகளை அப்புறம் மொத்தமாகப் படிக்கிறேன். ஒரு எச்சரிக்கை. காவலர் விறைப்பாக இருந்தால் அங்கி மிரளும். ஆகவே தோளைத் தளரவிட்டுச் சாய்ந்துகொள்ள வேண்டும். நாலு எண்ணும்வரை மூச்சை வயிறு நிறைய இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விட வேண்டும்."

மன்னர் கடமை தவறாதவர். முதல் நாள் முறைத்துக்கொண்டே காவல் காத்தார். மூன்றாம் நாள் அங்கியைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். ஐந்தாம் நாள் அணில் வந்து கைதியின் மேல் ஏறியது, காவலருக்குத் தெரியவில்லை. குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்று கண்டுபிடித்தார். பட்டம் கட்டிய நாள் முதல் அப்படித்தான் என்றார் சமையல்காரர்.

பதினோராம் நாள், மஸ்தான் தைத்துக் கொடுத்த கைதி அங்கியைச் சோதனைக்காக மன்னர் அணிந்து அமர்ந்திருந்தபோது, மைத்துனர் பதினான்கு பெட்டிகளோடு சபைக்குள் நுழைந்தார். மஸ்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மன்னர் மெல்ல மூச்சு விட்டார். தோள் இருந்த இடத்திலேயே இருந்தது. அங்கியும்தான்.

"வாருங்கள் மைத்துனரே, சாப்பிட்டீர்களா?" என்றார் மன்னர். பிறகு பூவராகனை ஓரக்கண்ணால் பார்த்தார். நெல்லிமரத்தடியில் ஓர் ஆளுக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது.

"பூவராகா, அங்கி திருந்திவிட்டது. விடுதலை செய்துவிடலாமா?"

"கைதியைத் தாராளமாக விடலாம் மன்னா. காவலரைத்தான் விட முடியாது."

 மன்னர் சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர, அரியணைக் கையில் அடித்து அடித்துச் சிரித்தார்.

பர்ர்!

எல்லோரும் தையல்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். மஸ்தான் நிதானமாக ஊசியில் நூலைக் கோத்தார்.

"மகாராசா, சிரிப்புக்கு நான் இதுவரைக்கும் அளவு எடுத்ததே இல்லீங்களே!"