செம்பருத்திக்குக் கத்திரி எடுத்து வந்த மதினி

எங்கள் வாசல் செம்பருத்தி கேட்டையே மறைத்து வளர்ந்துவிட்டது. நாலு மணிக்கு வருவேன், அதுக்குள்ள ஒழுங்கா வெட்டி வைக்கலன்னா வேரோட பிடுங்கிருவேன் என்று ஓனரம்மா சொல்லிவிட்டுப் போனார்கள். மகள் பிறந்த மாசம் நான் நட்ட செடி அது. எனக்கு வெட்டத் தெரியாது. செடி வெட்டும் கவாத்து வேலைக்குப் போய்வருகிற எசக்கியம்மா மதினியைக் கூப்பிட்டேன்.

மதினி மூணு மணிக்கே பெரிய கத்திரியோடு வந்தார்கள். ஆனால் பக்கத்து வீட்டு வேலம்மாள் அக்கா படியில் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்களா, மதினியும் உட்கார்ந்து தன் தொழில் பெருமையை ஆரம்பித்துவிட்டார்கள்.

மதினி வெட்டுகிற வேகம் செடிக்கே தெரியாதாம். ஒரு அரளியை வெட்டி, மூணு நாள் கழித்துத்தான் கிளை கீழே விழுந்ததாம். வெட்டின இடத்தில் சாணி அப்பிக் கையை எடுப்பதற்குள் தளிர் கிளம்பி, சாணியையும் தூக்கிக்கொண்டு மேலே போய்விடுமாம்.

"அப்ப மேகத்துல எல்லாம் நீ அப்புன சாணிதான்னு சொல்லு" என்றார்கள் அக்கா.

மதினி கண்டுகொள்ளவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் நந்தியாவட்டையை வாத்தியார் மாதிரி வெட்டி வைத்தார்களாம். பிள்ளைகள் ஒரு வருசம் சத்தம் போடாமல் படித்து, எல்லாரும் பாஸாம். அடுத்த வருசம் அந்தச் செடிக்கு வேற ஊருக்கு மாறுதல் வந்துவிட்டதாம்.

மணி மூன்றரை. "மதினி" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"பஸ் ஸ்டாப்புல ஒரு காகிதப்பூச் செடி. அதை டவுன் பஸ் மாதிரி வெட்டிட்டேன். சனம் ஏறி உக்காந்துட்டு. நிஜ பஸ் வந்து நிக்கி, ஒருத்தரும் இறங்கல. இதுலயே சீட்டு கெடச்சிட்டு, நீங்க போங்கன்னுட்டாங்க."

"ஊர் போய்ச் சேந்தாங்களா?" என்றார்கள் அக்கா.

"சேராம? செடி அந்தப் பக்கமால்லா வளருது. நிஜ பஸ்ஸுக்கு முன்னாலயே போயிட்டு."

"காகிதப்பூவுல முள்ளு கெடக்குமே."

"முள்ளு குத்துனதாலதான் ஒருத்தரும் தூங்காம அவங்கவங்க ஸ்டாப்புல இறங்குனாங்க."

இந்த நேரத்தில்தான் தெருவில் போன வெள்ளாடு ஒன்று கேட்டுக்குள் தலையை விட்டது. விரட்டலாம் என்றால் இடுப்பில் மகள் தூங்குகிறாள். சொல்லலாம் என்றால் மதினி பேச்சை நிறுத்தினால்தானே. ஆடு முன்பக்கம் தின்றது, சுற்றிவந்து பின்பக்கம் தின்றது, இரண்டு காலில் எழும்பி நின்று உச்சியையும் சமமாக்கியது.

நாலு மணிக்கு ஓனரம்மா வந்தார்கள். செடியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்கள்.

"சட்டியைக் கவுத்த மாதிரி அம்சமா இருக்கே. சரி, செடி இருந்துட்டுப் போகட்டும். யாரு வெட்டுனது?"

வேலம்மாள் அக்கா ஆட்டைக் கைகாட்டினார்கள். அதன் வாயில் இன்னும் ஒரு பூ தொங்கியது. எல்லாரும் மதினியைப் பார்த்தோம். மடியில் கத்திரி திறக்காமலே இருந்தது.

"பின்ன, ஆறு மாசமா அதுக்குத் தொழில் படிச்சுக் குடுத்தது யாருங்கேன்?" என்றார்கள் மதினி.

ஆடு திரும்பி நின்று செடியின் தூரில் பொலபொலவென்று புழுக்கை போட்டது.

"பாத்தியளா, உரம் வைக்க மட்டும் நான் சொல்லிக் குடுக்கல. அது அதுவாப் படிச்சுக்கிட்டது."